சோலிச் விஷயத்தில் உனக்கு என் பதில்

அன்புள்ள ராகவா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசானது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லாரும் சுகம்.

இனி உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்துக்கு வருகிறேன். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் 2003-இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணி தன் தலைமைக் கோச் ஃபிராங்க் சோலிச்சை அனுப்பியது சரிதான், அவர் இடத்துக்குப் பில் கேலஹனைக் கொண்டுவந்ததுதான் தப்பு என்று எழுதியிருக்கிறாய். பாதிப் பேர் இப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்ல 1968-இலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பாப் டெவனி 1962-இல் வயோமிங்கிலிருந்து நெப்ராஸ்கா அணியின் ஊரான லிங்கனுக்குத் தலைமைக் கோச்சாக வந்தார். வந்த உடனே ஜெயித்தார். ஆனால் 1967-இலும் 1968-இலும் 6-4, 6-4, அதாவது 6 வெற்றி, 4 தோல்வி. 1968-இல் சொந்த மைதானத்திலேயே கன்சாஸ் ஸ்டேட்டிடம் 12-0 என்று தோல்வி. கடைசி ஆட்டத்தில் ஒக்லஹோமாவிடம் 47-0. அவரை நீக்கச் சொல்லி உங்கள் ஒமாஹாவில் மனுவே சுற்றியது. டெவனி என்ன செய்தார்? டாம் ஆஸ்போர்ன் என்ற இளம் உதவிக் கோச்சிடம் தாக்குதல் ஆட்டம் முழுவதையும் புதிதாக அமைக்கச் சொன்னார். பழைய ஃபார்மேஷன் போய், ஓட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்கும் ‘ஐ’ ஃபார்மேஷன் வந்தது. 1969-இல் பாய்ட் எப்ளியை வைத்து எடைப்பயிற்சிக்கு முறையான ஏற்பாடு செய்தார்கள். சம்பளத்துக்கு ஒருவரை அதற்கென்றே வைக்கும் வழக்கம் அப்போது கல்லூரி ஃபுட்பாலில் அபூர்வம். பலன் உனக்குத் தெரியும். 1969-இல் 9-2, 1970-இலும் 1971-இலும் தேசிய சாம்பியன். தலைமைக் கோச் அதே ஆள்தான். பழுதானதை மட்டும் கழற்றி மாற்றினார்கள்.

ஆஸ்போர்ன் காலத்திலும் இதே கதைதான், இரண்டு தடவை. 1973-இல் தலைமைக் கோச்சாகப் பொறுப்பேற்றவர் முதல் 5 வருஷமும் ஒக்லஹோமாவிடம் தோற்றார். ஒக்லஹோமாவிடம் ஓடும் குவார்ட்டர்பேக் (பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்) இருந்தார், இவரிடம் இல்லை. அதனால் 1980 வாக்கில், பந்தோடு ஓடுவதா பக்கத்து ஆளிடம் எறிவதா என்று குவார்ட்டர்பேக் ஓடும்போதே முடிவெடுக்கும் ஆப்ஷன் ஆட்டத்துக்கு மாறினார்; டெக்ஸாஸிலிருந்து டர்னர் கில் மாதிரி ஆட்களைத் தேடிப் பிடித்தார். அடுத்த பழுது டிஃபென்ஸில், அதாவது தடுப்பாட்டத்தில். 1987 சீசனிலிருந்து 1993 சீசன் வரை 7 பவுல் ஆட்டங்கள் (சீசன் முடிந்தபின் நல்ல அணிகளுக்குக் கிடைக்கும் ஆட்டங்கள்), ஏழிலும் தோல்வி. பெரும்பாலும் மயாமியிடமும் ஃப்ளோரிடா ஸ்டேட்டிடமும். பெரிய ஆட்ட மேடையில் ஆஸ்போர்னுக்குத் தெம்பில்லை என்றார்கள். உண்மையான காரணம் வேகம். பழைய 5-2 அமைப்பில் (முன்வரிசையில் 5 பேர், அவர்களுக்குப் பின்னால் லைன்பேக்கர் 2 பேர்) கனமான ஆட்கள் முன்னால் நின்றார்கள். ஃப்ளோரிடா பையன்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். சார்லி மெக்பிரைடின் டிஃபென்ஸ் 1993 வாக்கில் 4-3-க்கு மாறியது. கடைசி வரிசையில் சேஃப்டி ஆடத்தக்க வேகமான பையனை லைன்பேக்கர் ஆக்கினார்கள், லைன்பேக்கரை முன்வரிசை ஓரத்தில் நிற்கும் எண்ட் ஆக்கினார்கள். 1993 முதல் 1997 வரை 60 வெற்றி, 3 தோல்வி, 3 சாம்பியன்ஷிப். இந்த இரண்டு தடவையும் அவருக்குப் பொறுமையாக நேரம் கொடுத்தது மேலே பல்கலைக்கழக விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்த டெவனிதான். தனக்கு 1968-இல் கிடைத்த அவகாசத்தை அவர் மறக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது சோலிச்சுக்கு வா. ஆஸ்போர்னுக்குப் பிறகு வந்த தலைமைக் கோச் அவர். 2001-இல் கொலராடோவிடம் 62-36, ரோஸ் பவுலில் மயாமியிடம் 37-14 என்று தோல்விகள். 2002-இல் 7-7. 1969-இலிருந்து 33 வருஷம் அறுபடாமல் வந்த 9 வெற்றிச் சீசன் வரிசை அங்கே முடிந்தது. பழுது நிஜம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் சோலிச் செய்ததைப் பார். டிஃபென்ஸ் பொறுப்பாளரை மாற்றி, கிரீன் பே பேக்கர்ஸிலிருந்து போ பெலினியைக் கொண்டுவந்தார். அடுத்து என்ன ஆடுவது என்று பிளே சொல்லும், தன் கையில் இருந்த வேலையைப் பார்னி காட்டனிடம் கொடுத்தார். டெவனி 1968-இல் செய்த அதே காரியம். 2003 டிஃபென்ஸ் எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்துக்கொண்டே இருந்தது. வழக்கமான சீசன் 9-3-இல் முடிந்தது; நவம்பர் 29 அன்று விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்டீவ் பெடர்சன் சோலிச்சை நீக்கினார். பெலினி தற்காலிகத் தலைமைக் கோச்சாக நின்று அலாமோ பவுலில் மிச்சிகன் ஸ்டேட்டை 17-3 என்று ஜெயித்துக் கொடுத்தார். பழுதுபார்க்கப்பட்ட பாகம் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேறு என்ன வேண்டும்?

நீ எடுத்துக்காட்டிய மூன்று தோல்விகள் சரியான கணக்கு: மிசௌரி 41-24, டெக்ஸாஸ் 31-7, சொந்த மைதானத்தில் கன்சாஸ் ஸ்டேட் 38-9. கவனித்தாயா, மூன்றிலும் சேர்த்து நெப்ராஸ்கா எடுத்தது 40 பாயிண்ட். தாக்குதல் பக்கம் இன்னும் சரியாகவில்லை. ஜாமல் லார்ட் நன்றாக ஓடுவார், வீசுவது சுமார். வீசத் தெரியாத குவார்ட்டர்பேக் என்று தெரிந்தால் எதிரணி எட்டு ஒன்பது பேரை முன்னால் கொண்டுவந்து அடைத்துவிடும். ஆக வேண்டியிருந்தது ஒரு குவார்ட்டர்பேக்கும் இன்னொரு சீசனும். கொடுத்திருந்தால் நிச்சயம் சாம்பியன் ஆகியிருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். கேலஹனின் முதல் சீசன் மாதிரி 5-6 ஆகியிருக்காது என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

அடுத்து கேலஹன். நீ சொல்வதுபோல் ஆள் தேர்வில் மட்டும் நடந்த தப்பு என்றால், நல்ல ஆள் வந்திருந்தால் சரியாகியிருக்க வேண்டும். ஆனால் கையில் ஆளே இல்லாமல் நீக்கிவிட்டு 41 நாள் தேடினார்கள். தேடியதும் வேறு ஆட்டத்தைத் தெரிந்தவரை. அந்த ஆட்ட மாற்றம் எதையெல்லாம் உடைத்தது என்பதைத்தான் நம் வாதத்தில் எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆப்ஷனை ஒரு தடவை மெதுவாக ஓட்டிப் பார். பந்து கைக்கு வந்ததும் குவார்ட்டர்பேக் ஓரமாக நகர்கிறார். எதிரணியின் டிஃபென்ஸ் எண்டை வேண்டுமென்றே யாரும் தடுப்பதில்லை. அதனால் மிச்சமாகும் ஆள் உள்ளே இன்னொருவரைத் தடுக்கப் போகிறார். ஐ-பேக், அதாவது பின்னால் நிற்கும் ஓட்டக்காரர், சுமார் 4, 5 யார்ட் வெளியே, சற்றே பின்னால், அதே தூரம் விடாமல் கூடவே ஓடி வர வேண்டும். எண்ட் குவார்ட்டர்பேக்கை நோக்கி வந்தால் பந்து வெளியே போகும். ஐ-பேக்கை நோக்கிப் போனால் குவார்ட்டர்பேக்கே வெட்டி உள்ளே நுழைவார். அரை நொடி முந்தி எறிந்தால் எண்டுக்குத் திரும்பி ஓட நேரம் கிடைத்துவிடும். அரை நொடி பிந்தினால் அடி விழும், பந்து தரையில் கிடக்கும். ஐ-பேக் ஒரு எட்டு பின்தங்கினாலும் எறிந்த பந்து அவருக்கு முன்னால் போய் விழும். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆயிரம் தடவை செய்தால்தான் கை பழகும்.

அதற்காகத்தான் ஆஸ்போர்ன் பயிற்சியில் ஒரே நேரத்தில் நாலு இடத்தில் ஆட்டம் ஓட்டினார். மற்ற கல்லூரிகளில் மூன்றாம் வரிசைப் பையன் நின்று வேடிக்கை பார்ப்பான். இங்கே அவனும் ஆடிக்கொண்டிருப்பான். நாலு இடம் ஓட்ட ஆள் வேண்டுமே, அதற்கு வாக்-ஆன் பையன்கள். நெப்ராஸ்காவின் சின்னச் சின்ன ஊர்களிலிருந்து ஸ்காலர்ஷிப் இல்லாமல் சொந்தச் செலவில் வருவார்கள். எப்ளியின் எடைப்பயிற்சிக் கூடத்தில் மூன்று நாலு வருஷம் உடம்பைத் தேற்றிக்கொண்டு களத்துக்கு வருவார்கள். ஒரு அணி கொடுக்கக்கூடிய ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு 105, 95 என்று இறங்கி 1994-இல் 85-க்கு வந்தபோது மற்றவர்கள் எல்லாம் ஆளில்லாமல் திணறினார்கள். அதே 1994-இல் நெப்ராஸ்கா சாம்பியன். ஆப்ஷன், நாலு இடப் பயிற்சி, வாக்-ஆன், எடைப்பயிற்சி எல்லாம் ஒன்றையொன்று பிடித்து நின்ற விஷயங்கள்.

பந்தை வீசுவதையே நம்பும் கேலஹனின் வெஸ்ட் கோஸ்ட் ஆட்டத்துக்கு இதில் எதுவும் தேவைப்படவில்லை. முன்னால் பாய்ந்து இடிக்கப் பழகிய லைன்மேன்களைப் பின்னால் நகர்ந்து குவார்ட்டர்பேக்கைக் காக்கச் சொன்னார்கள். இரண்டுக்கும் கால் வைக்கும் விதமே வேறு, உடல்வாகும் வேறு. வீசும் ஆட்டத்துக்கு வேண்டிய பையன் கலிஃபோர்னியாவிலும் டெக்ஸாஸிலும் இருக்கிறான், எல்லாக் கல்லூரியும் அவன் வீட்டு வாசலில் நிற்கிறது. நெப்ராஸ்காவுக்கு மட்டும் கிடைத்துவந்த பையன் உள்ளூர் பண்ணைப் பையன். அவனுக்கு இந்த ஆட்டத்தில் இடம் குறைந்துபோனது. 2004-இல் டெக்ஸாஸ் டெக்கிடம் 70-10, சீசன் 5-6, 35 வருஷம் தொடர்ந்த பவுல் வரிசை அறுந்தது. 2007-இல் கன்சாஸிடம் 76-39. அந்த இடத்தில் இன்னும் கெட்டிக்காரக் கோச் ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் முதல் இரண்டு வருஷம் ஏறக்குறைய இப்படித்தான் போயிருக்கும் என்பது என் கணிப்பு.

கேலஹனுக்குப் பிறகு தலைமைக் கோச்சாகத் திரும்பி வந்த பெலினியைப் பற்றி நீ எழுதியதில் பெரும்பகுதியை ஒத்துக்கொள்கிறேன். 7 சீசன், ஒவ்வொன்றிலும் 9 அல்லது 10 வெற்றி, ஒவ்வொன்றிலும் சரியாக 4 தோல்வி (2014-இல் நாலாவது, அவர் போன பிறகு நடந்த பவுலில்). 2009-இல் டெக்ஸாஸிடம் 13-12 என்று தோற்றது அந்த டிஃபென்ஸின் உச்சம். அப்போது நெப்ராஸ்கா ஆடிவந்த பிக் 12 லீகின் வீசும் அணிகளுக்காக அமைத்தது அது: முன்வரிசை ஆள் இரண்டு இடைவெளிக்குப் பொறுப்பு, பின்னால் கூடுதலாக ஓட்டக்கார ஆட்கள். 2011-இல் பிக் டென் லீகுக்குப் போனதும் எதிரே நின்றது விஸ்கான்சின் லைன். 2012 பிக் டென் சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் 70-31 என்று தோல்வி. தரையிலேயே 539 யார்ட் கொடுத்தார்கள். ஓரத்தில் குறுக்கே ஓடிவருபவரிடம் பந்தைக் கொடுக்கும் ஒரே யுக்தியைத் திரும்பத் திரும்பச் செய்தும் ஓரத்தை மூட ஆள் போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து அதே விஸ்கான்சின், 59-24, மெல்வின் கார்டன் மட்டும் முக்கால் ஆட்டத்தில் 408 யார்ட். பழுது எங்கே என்று ஊருக்கே தெரிந்தும் பெலினி அந்தப் பாகத்தை மாற்றவில்லை. அதனால்தான் சோலிச்சையும் பெலினியையும் ‘9 வெற்றி எடுத்தும் நீக்கப்பட்டவர்கள்’ என்று ஒரே தட்டில் வைப்பதை நான் ஏற்பதில்லை. ஒருவர் மாற்றிவிட்டுப் பலனுக்குக் காத்திருந்தார், மற்றவர் மாற்றாமலே இருந்தார்.

அடுத்து வந்த கோச் மைக் ரைலியின் மூன்று வருஷம் 19-19. அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ரைலிக்குப் பிறகு வந்த ஸ்காட் ஃபிராஸ்ட் விஷயத்தில் ஒன்று. 16-31 என்ற கணக்கைப் பார்த்துவிட்டு ஆள் பலமே இல்லை என்கிறாய். 2021-ஐத் திரும்பப் பார். 3-9, ஆனால் ஒன்பது தோல்வியும் ஒற்றை இலக்க வித்தியாசத்தில். வருஷம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் விட்டதைவிட எடுத்த பாயிண்ட் அதிகம். போனது எங்கே என்றால் உதைக்கும் ஆட்டங்களில். மிச்சிகன் ஸ்டேட்டில் 20-13 என்று முன்னால் இருக்கும்போது ஒரு பன்ட், அதாவது பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் விடுவது. வலது பக்கம் உதைக்க வேண்டியது, பந்து இடது பக்கம் போனது. பிடிக்கப் போகிறவர்கள் எல்லாரும் வலப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். எதிரணி பையன் 62 யார்ட் ஓடி டச்டவுன், பிறகு கூடுதல் நேரத்தில் 23-20 தோல்வி. அடுத்த வருஷம் டப்ளினில் நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 28-17 என்று முன்னால் இருந்தபோது பந்தைத் தாங்களே திரும்பப் பிடிக்கப் பார்க்கும் ஆன்சைட் கிக் போட்டு, நடு மைதானத்தில் பந்தை எதிரணி கையில் கொடுத்தார், 31-28. பையன்கள் போதுமான அளவு இருந்தார்கள். கவனிக்கப்படாமல் விட்ட பாகம் ஒன்றுதான், அதையும் கடைசிவரை முழுசாகச் சரிசெய்யவில்லை.

ஃபிராஸ்டுக்குப் பிறகு வந்த கோச் மேட் ரூல் பற்றி அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதாதே. 2024 நவம்பரில் சீசன் நடுவிலேயே பிளே சொல்லும் வேலையை ஒருவரிடமிருந்து எடுத்து டானா ஹோல்கர்சனிடம் கொடுத்தார். அந்த மாசமே விஸ்கான்சினை 44-25 என்று ஜெயித்தார்கள். அதற்கு முன் நெப்ராஸ்காவைத் தொடர்ந்து 10 தடவை தோற்கடித்த அணி அது. 2016-க்குப் பிறகு முதல் பவுலும் கிடைத்தது.

அடுத்த கடிதத்தில் எனக்கு ஒன்று மட்டும் எழுது. 2004-க்கு சோலிச்சை வைத்திருந்தால் குவார்ட்டர்பேக் இடத்தில் நீ யாரை நிறுத்தியிருப்பாய்? அன்றைக்கு அணியில் இருந்த பையன்களுக்குள்ளேயே சொல்ல வேண்டும்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
முரளி