செங்கோட்டை ரிப்பீட்டர் பற்றி மாப்பிள்ளைக்கு

நெடுங்கண்டம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு. சாலிடரிங் அயர்னை இப்போதைக்குத் தொடாதே, தங்கச்சி சொல்வதைக் கேள். இங்கே ஏலக்காய்ப் பறிப்பு நடக்கிறது. கம்பத்திலிருந்து காலையில் ஜீப்பில் ஆட்கள் வருகிறார்கள். மழை பிடித்தால் அதுவும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய மோட்டரோலா ஜிஎம் 300 வயர்லெஸ் செட் ரெண்டு கைக்கு வந்திருக்கிறது, அதை வைத்து நம் ஹாம் ரேடியோ ஆட்களுக்காகச் செங்கோட்டையில் ரிப்பீட்டர், அதாவது வருகிற சிக்னலை வாங்கி அதே நேரத்தில் வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் நிலையம், போட முடியுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போடலாம். அந்தக் கம்பெனியே ரெண்டு ஜிஎம் 300-ஐ ஒரே பெட்டிக்குள் வைத்து ஜிஆர் 300 என்று ரிப்பீட்டராக விற்றது. பின்பக்கம் இருக்கிற 16 பின் சாக்கெட்டிலேயே ஆடியோ, பிடிடி (பேச அழுத்துகிற பட்டன்), சிக்னல் வந்ததைச் சொல்லும் லைன் எல்லாம் கிடைக்கும். மூடியைக் கழற்றிக் கம்பி இழுக்க வேண்டிய வேலை அதிகம் இல்லை. ஆனால் மாடல் நம்பரைப் பார்த்துக்கொள். 136–162 மெகாஹெர்ட்ஸ் செட் என்றால் ஹாம்களுக்குக் கொடுத்திருக்கிற 144–146க்குள் நிம்மதியாக உட்காரும். 146–174 செட்டைக் கீழே இழுப்பது வீண் மல்லுக்கட்டு. புரோகிராம் செய்ய டாஸ் ஓடும் பழைய கம்ப்யூட்டர் வேண்டும். வேகமான மெஷினில் அந்த சாஃப்ட்வேர் முரண்டு பிடிக்கும்.

இந்த மாதிரி செட்டுகள் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அவை கெட்டுப்போனது அல்ல. அமெரிக்காவில் 2013 ஜனவரி 1-க்குள் 25 கிலோஹெர்ட்ஸ் அகலச் சேனலிலிருந்து 12.5-க்கு மாறியாக வேண்டும் என்று சட்டம் வந்து, நல்ல செட்டுகள் மூட்டை மூட்டையாக வெளியே வந்தன. இங்கேயும் டிஜிட்டலுக்கு மாறுகிறவர்கள் பழையதைத் தள்ளிவிடுகிறார்கள். மலை உச்சிக்கு இந்தப் பழசுதான் லாயக்கு என்பது என் கட்சி. கோடை எஃப்எம் 100.5 இந்த மலைத்தொடர் முழுக்க எவ்வளவு பலமாக விழுகிறது என்று உனக்கே தெரியும். பக்கத்திலேயே செல்போன் டவர்கள் வேறு. அந்த இரைச்சலில் மலிவுக் கையடக்க செட்டின் ரிசீவர் செவிடாகிவிடும். தொழில்முறை செட்டின் முன்பகுதி ஃபில்டர் அதைத் தாங்கும்.

ஆனால் மாப்பிள்ளை, ரிப்பீட்டரில் செட் சின்ன சமாச்சாரம். பணமும் பொறுமையும் போகிற இடம், ஒரே ஆன்டெனாவில் அனுப்புவதையும் வாங்குவதையும் பிரித்துவைக்கிற டியூப்ளெக்ஸர். கணக்கைப் பார். ஒரே ஆன்டெனாவில் 25 வாட் வெளியே போகிறது. அதே நேரத்தில் கால் மைக்ரோவோல்ட் சிக்னல் உள்ளே வந்து கேட்க வேண்டும். ரெண்டுக்கும் இடையே 160 டெசிபலுக்கு மேல் வித்தியாசம். நம் கணக்கில் சொன்னால் இருபதாயிரம் லட்சம் கோடி மடங்கு! இதை வெறும் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் பிரிக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரின் பலம் ரிசீவரை அமுக்கக் கூடாது, அதன் இரைச்சல் ரிசீவர் அலைவரிசையில் விழவும் கூடாது. இதற்கு அரை மீட்டர் உயரக் கேவிட்டி (உலோக உருளை ஃபில்டர்) குறைந்தது ஆறு வேண்டும். பழைய சாமான் கடையில் கிடைக்கிற தட்டையான டியூப்ளெக்ஸர் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்குச் செய்தது, உன் வேலைக்கு ஆகாது. இதற்கு மேலே இருக்கிற யூஎச்எஃப் அலைவரிசையில் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி வைத்துத் தப்பிக்கலாமே என்றால், அங்கே நமக்குக் கொடுத்திருப்பதே 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை. இடமே இல்லை.

கேவிட்டி அமையாவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. ரிசீவரை ஒரு குன்றில் வை, டிரான்ஸ்மிட்டரை வேறு குன்றில் வை, நடுவே யூஎச்எஃப் ரேடியோ லிங்க் ஓட்டு. செட்டு ரெண்டு கூடும், கேவிட்டிச் செலவு மிச்சமாகும். எதுவானாலும் பவரைப் பத்து வாட்டுக்குக் குறைத்து, ஃபேன் வை. வண்டியில் வைக்கிற செட் தொடர்ந்து பேசுவதற்குச் செய்ததல்ல. பெட்டிக்குள் ஒற்றை ஷீல்டு கேபிள் போடாதே, கசிந்து எல்லாவற்றையும் கெடுக்கும்.

அப்புறம் ரெண்டு ரிப்பீட்டரை இணைக்கும் லிங்க். தென்காசிப் பக்கத்துச் சமவெளிக்கு ஒரு ரிப்பீட்டர் போதும். ஆரியங்காவு தாண்டிப் புனலூர் பக்கம் மலை மறைக்கும், அங்கே இன்னொன்று தேவைப்படும். ரெண்டையும் யாகி ஆன்டெனா வைத்து இணைக்கும்போது ஒன்றைக் கவனி. பேச்சு நின்ற பிறகு ரிப்பீட்டர் சில விநாடி தொங்கிக்கொண்டிருக்கும், அந்த வால் லிங்க்கில் போகக் கூடாது. போனால் இதன் வால் அதை எழுப்பும், அதன் வால் இதை எழுப்பும், யாரும் பேசாமலே ரெண்டும் ராத்திரி முழுக்க மாமியார் மருமகள் மாதிரி பதிலுக்குப் பதில் கொடுத்துக்கொண்டிருக்கும். ரிசீவருக்கு நிஜமாகச் சிக்னல் வந்தால் மட்டும் லிங்க் செட் அனுப்பத் தொடங்கட்டும். ஆடியோவை டிஸ்கிரிமினேட்டரிலிருந்து (ரிசீவரில் பேச்சு பிரிந்து வருகிற இடம்) அப்படியே எடு. ஒவ்வொரு தாவலிலும் டீ-எம்ஃபசிஸ், ப்ரீ-எம்ஃபசிஸ் (கீச்சு ஒலியைக் குறைப்பது, கூட்டுவது) என்று பிசகிக்கொண்டே போனால் கடைசியில் தகர டப்பாவுக்குள் பேசுகிற குரல்தான் மிஞ்சும்.

உங்கள் குழுவில் ஒரு பையன் இன்டர்நெட் வழியாக இணைத்தால் செலவு குறைவு என்கிறானாம். செலவு குறைவுதான். ஆனால் 2020 ஆகஸ்ட் 6 ராத்திரியை அவனிடம் சொல். மூணாறு பக்கத்து ராஜமலை பெட்டிமுடியில் நிலச்சரிவில் தோட்டத் தொழிலாளர் லயங்கள் மண்ணோடு போய் 70 பேர் இறந்தார்கள், கயத்தாறு பக்கத்துச் சனங்கள் நிறைய. கரண்டும் இல்லை, போனும் இல்லை. செய்தி வெளியே வர மறுநாள் காலை ஆனது. அப்படி ஒரு ராத்திரியில் இன்டர்நெட் லிங்க் இருந்து என்ன பிரயோசனம்? லிங்க் ரேடியோவிலேயே இருக்கட்டும், அடியில் இன்வெர்ட்டர் பேட்டரி ரெண்டு இருக்கட்டும்.

அதற்காக எப்போதும் இணைத்தே வைக்காதே. தென்காசியில் ஒருவர் சாப்பாட்டுக் கதை பேசினால் புனலூர்க்காரர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா? டிடிஎம்எஃப் கோடு (போன் பட்டன் ஓசை மாதிரி) அடித்தால் இணையட்டும், வேலை முடிந்ததும் பிரியட்டும். இதில் நம் ஆட்கள் பலர் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள், தெரியும்.

ரிப்பீட்டருக்கு, மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவான டெல்லி டபிள்யூபிசியிடம் தனி அனுமதி வேண்டும், உன் சொந்த லைசென்ஸ் போதாது. விண்ணப்பத்தை முதலில் போடு, கேவிட்டியை அப்புறம் தேடு. கிரவுண்டிங்கை ஐப்பசி இடிக்கு முன்னால் முடித்துவிடு.

ஜிஎம் 300 ரெண்டின் மாடல் நம்பரையும் எழுதி அனுப்பு. டாஸ் லேப்டாப் ஒன்று என்னிடம் உயிரோடு இருக்கிறது, பறிப்பு முடிந்ததும் எடுத்துக்கொண்டு வருகிறேன். தங்கச்சியிடம் சொல், இந்தத் தடவை ஏலக்காய் நல்ல பச்சை.

73 (ஹாம்கள் சொல்லும் வாழ்த்து)