மலைக்கு வாடகை வண்டி எடுப்பவர்கள் அடிப்பாகத்தைக் குனிந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலைத் தேயிலைத் தோட்ட மலைக்கு ஏறிப் பழுதாகி இறங்கும் வாடகை வண்டிகளில் பல என்னிடம்தான் வருகின்றன. விடுமுறை தொடங்கிவிட்டால் இது இன்னும் கூடும். ஊர் பார்க்க வந்த குடும்பம், குழந்தை குட்டிகளோடு பட்டறைத் திண்ணையில் பொழுதைக் கழிப்பதைப் பார்க்க மனம் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

திருக்குறுங்குடியில் இந்தத் தொல்லை குறைவு. மலைமேல் நம்பி கோயிலுக்குப் போகும் தடம் பாறையும் உருளைக்கல்லுமாகக் கிடப்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். காரைக் கீழே விட்டுவிட்டு ஜீப் பிடிக்கிறார்கள், இல்லையென்றால் நடக்கிறார்கள். மாஞ்சோலைப் பாதை ஆளை ஏமாற்றும். கொஞ்ச தூரம் தார் இருக்கும். அடுத்த வளைவில் தார் பெயர்ந்து ஜல்லி மட்டும் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அந்த மலைமேல் நாலுமுக்கு, ஊத்து எஸ்டேட்டுகளில் கொட்டுகிற மழை எவ்வளவு என்பதைப் பத்திரிகை படிக்கிறவர்கள் அறிவார்கள். அந்தத் தண்ணீர் சாலையின் ஓரத்தை அரித்து, நடுவில் கல்லை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போகிறது.

அண்மையில் ஒரு காரை இழுத்து வந்தார்கள். மலைக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் எடுத்திருக்கிறார்கள். ஏழு பேர் தாராளமாக உட்காரலாம், ஏசி நன்றாக இருக்கும் என்று வாடகைக்கு விட்டவர் சொன்னதோடு சரி. காரைத் தூக்கிப் பார்த்தேன். எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்பின் மூலையில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. தகரச் சம்ப் என்றால் நசுங்கிப் பிழைத்துக்கொள்ளும். அலுமினியச் சம்ப் உடைந்துவிடும். கல் தட்டிய சத்தம் கேட்டும், வண்டி ஓடுகிறதே என்று ஓட்டியிருக்கிறார்கள். சிவப்பு ஆயில் விளக்கை யாரும் கவனிக்கவில்லை. எஞ்சினைப் பிரித்தால் பேரிங்குகள் உருகிக் கிராங்க்கோடு ஒட்டிக் கிடந்தன. அந்த விளக்கு எரிந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்தியிருந்தால் சம்ப் மாற்றும் செலவோடு போயிருக்கும். வண்டி எடுத்தவர்களுக்கு முன்பணம் திரும்பவில்லை, அதற்கு மேலும் வாடகைக்கு விட்டவர் பணம் கேட்டார்.

எனவே வண்டி எடுக்கும்போது இருக்கையை எண்ணுவதற்கு முன் குனிந்து அடிப்பாகத்தைப் பாருங்கள். கம்பெனிக் கணக்கில் டிசையருக்குத் தரையிலிருந்து இடைவெளி 163 மில்லிமீட்டர், பொலேரோவுக்கு 180, ஜிம்னிக்கு 210, மகிந்திரா தார் ஜீப்புக்கு 226. ஆளும் சாமானும் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி இந்த அளவு இன்னும் குறையும். மேலே கேரியரில் மூட்டை கட்டிய கார் வளைவில் சாயும்போது மீதியும் போய்விடும். ஐந்து பேர் போகும் வண்டியில் நான்கு பேர் போவதே மலைக்கு நல்லது.

உயரமான உடம்பைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். இன்று ஜீப் மாதிரித் தெரிகிற பல கார்களில் முன்சக்கரம் மட்டுமே இழுக்கும். ஏற்றத்தில் பாரம் பின்னால் சாய, முன் டயர் பிடிப்பில்லாமல் ஜல்லியில் சுழலும். ஓட்டுபவர் கிளட்சைப் பாதி மிதித்தபடி மிரட்டுவார். கருகல் வாடை வந்துவிடும். தார் ஜீப்பிலேயே 2023 முதல் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வகையும் விற்பனையில் இருக்கிறது. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே கியர் கம்பிக்குப் பக்கத்தில் ஃபோர் வீலுக்கும் லோ கியருக்கும் மாற்றும் சின்னக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். லோ கியர் இருந்தால் கிளட்சை வதைக்காமல் கல்லின் மேல் நிதானமாக ஏறலாம். இறங்கும்போது அதன் அருமை இன்னும் தெரியும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை டிரைவர்களின் பழைய விதி. ஆட்டோமேட்டிக் காரை டி-யிலேயே விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவர்களின் வண்டி கீழே வரும்போது டிஸ்க் நீலம் பூத்திருக்கும். பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது.

ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா, டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா என்பதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். மலையில் பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடையாது. அது 1988 முதல் புலிகள் காப்பகம்; யானை நடமாட்டமும் உண்டு. பஞ்சரான காரோடு இருட்டில் நிற்கிற இடமில்லை.

அரசு பஸ்ஸே ஏறுகிறதே என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பஸ்ஸின் சக்கரம் பெரிது, வயிறு உயரம். அந்த டிரைவருக்கு எந்த வளைவில் எந்தக் குழி என்பது மனப்பாடம். அவரைப் பார்த்துச் சின்னக் காரை ஏற்றக் கூடாது.

நம்பர் பலகையையும் கவனியுங்கள். டிரைவரோடு வரும் வாடகைக் காருக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. நாமே ஓட்டிக்கொள்ளத் தரும் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்குத் தருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த இன்சூரன்ஸ் அது. மலையில் ஒன்று ஆகிவிட்டால் நஷ்ட ஈடு மறுக்கப்படும் ஆபத்து இருக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகள் விடுமுறை நாட்களிலாவது மணிமுத்தாறு சோதனைச்சாவடியில் நின்று இதைப் பார்க்க வேண்டும்.

வனத்துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த மாஞ்சோலைத் தோட்டத்தில், பாம்பே பர்மா கம்பெனி 2024-இல் வேலையை நிறுத்திவிட்டுக் கிளம்பியது. அந்த மலையிலேயே பிறந்து, மழையிலும் பனியிலும் ஜீப்பும் டிராக்டரும் ஓட்டியவர்கள் இன்று கீழே இறங்கிக் கிடைத்த வேலையைச் செய்கிறார்கள். அவர்கள் கைக்கு அந்தப் பாதை தெரியும். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், பெர்மிட் எல்லாம் சரியாக உள்ள ஃபோர் வீல் ஜீப்புகளை அவர்களைக் கொண்டே மணிமுத்தாறிலிருந்து ஓட்டச் செய்யலாம். கட்டணத்தைச் சாவடியிலேயே பலகையில் எழுதி வைத்துவிட்டால் பேரமும் இருக்காது. அனுமதி தரும் வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டியதில்லை; போகிற வண்டி காட்டுக்கு ஏற்ற வண்டியாக இருந்தால் போதும். அதுவரை, தாழ்ந்த கார்களைச் சாவடியிலேயே நிறுத்தி விவரம் சொல்லித் திருப்பி அனுப்பும் அதிகாரத்தையாவது அங்குள்ள ஊழியர்களுக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் மெக்கானிக் ஒருவர்,
கல்லிடைக்குறிச்சி.