கேட்காமல் எடுத்த நகல்

சாட்ஸ்வொர்த்,
ஞாயிறு மாலை

அன்புள்ள வேலு,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. முழங்கால் வலி தேவலையா? லெனேசியாக் குளிரில் வெறுங்காலோடு நடக்காதே.

பேத்தி விடுமுறைக்கு வந்திருக்கிறாள், இயற்பியல் படிக்கிறவள். 2010 கால்பந்து உலகக் கோப்பையின்போது நம்ம டர்பன் மோசஸ் மபிடா அரங்கத்திலிருந்து போன தகவலை அவளுடைய குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தார்தான் குவாண்டம் சாவியால், அதாவது ஒளித்துகள்களில் அனுப்பும் ரகசியச் சாவியால், பூட்டினார்களாம். நாம் வெளியே நின்று வூவுசெலா ஊதிக்கொண்டிருந்தோம்!

இப்போது அவள் பேசுவதெல்லாம் நகலெடுக்க முடியாத மென்பொருளைப் பற்றித்தான். முன்பின் தெரியாத குவாண்டம் நிலையை, அதாவது ஒளித்துகள் போன்ற நுண்துகள் இருக்கும் நிலையை, இரண்டாக்க முடியாது என்று 1982இலேயே நிரூபித்துவிட்டார்கள். அதற்கும் முன்னால், 1960களின் இறுதியில், ஸ்டீவன் வீஸ்னர் என்ற இயற்பியலாளர் கள்ளநோட்டு அடிக்க முடியாத பணத்தை யோசித்திருக்கிறார். நோட்டுக்குள் சில குவாண்டம் துகள்கள். எது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது வங்கிக்கு மட்டுமே தெரியும். மற்றவன் அளக்கப் போனால் நிலை கலைந்துவிடும். (அந்த மனிதர் பிற்காலத்தில் ஜெருசலேமில் கட்டட வேலை செய்தாராம்.) 2009இல் ஸ்காட் ஆரன்சன் என்ற கணினி அறிஞர் அதே யோசனையை மென்பொருளுக்கும் கொண்டுவந்தார். குவாண்டம் நிலையில் மறையாக்கிப் பூட்டிய தரவுக்கும் இதே காவல்தான்: இன்று நகலெடுத்து வைத்து, நாளை சாவி கிடைத்ததும் திறப்பது நடக்காது.

"எல்லா மென்பொருளுக்குமா?" என்றேன். இல்லையாம். கேள்வியைக் கொடுத்து விடையைப் பார்த்தே உள்விவரத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்றால் அதைக் காக்கவே முடியாது. உன் அக்கா நினைவுதான் வந்தது. எந்த வீட்டு ரசத்தையும் ஒரு மிடறு குடித்துவிட்டு, மறுநாள் தன் அடுப்பில் அதையே இறக்கிவிடுவாரே!

எனக்கு என்னவோ மனம் ஒப்பவில்லை. திருடனுக்கு நகல் இல்லையென்றால் சொந்தக்காரனுக்கும் இல்லை. அந்த நிலைகளை நெடுநேரம் கலையாமல் வைத்திருப்பதே இன்னும் பெரும்பாடு என்கிறாள். கலைந்தால் போனது போனதுதான்.

அப்பா திரௌபதி வேடம் கட்டிப் பாடிய கூத்துக் கேசட் நினைவிருக்கிறதா? கேட்காமல் நகலெடுத்தாய் என்று உன்னோடு ஒரு வருடம் பேசாமல் இருந்தார். 1987 வெள்ளத்தில் எங்கள் கேசட் சேற்றோடு போயிற்று. அதன்பின் அந்தக் கோபத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. உன் கேசட்டைத் தரச் சொல்லிக் கேட்கவும் அவருக்குக் கூச்சம்.

தைப்பூசக் காவடிக்கு வரும்போது அதை எடுத்து வா. பேத்தி கணினியில் ஏற்றித் தருவாள். இந்த முறை உன்னைக் கேட்டுவிட்டே நகலெடுக்கிறோம்.

அன்புடன்,
முருகேசன்