செயலாளரின் ஆண்டறிக்கை: ஷிட்சு நாய்களின் தோற்றமும் மயிர்ப் பராமரிப்பும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், அங்கத்தவர்கள் அனைவருக்கும் எனது வணக்கம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பகுதிகளில் நாய் வளர்ப்போரின் சங்கமாகிய எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டங்கள் இவ்வாண்டும் தவறாமல் நடைபெற்றன. வரவு செலவு விபரங்களைப் பொருளாளர் முன்வைப்பார். கூட்டங்களில் பெரும்பாலானவை ஷிட்சு நாய்களின் பராமரிப்புக்கே செலவிடப்பட்டமையால், அதனையே இங்கு விரிவாகக் கூறுகிறேன்.

திபெத்தில் வேர்கொண்டு சீன அரண்மனையில் வளர்க்கப்பட்ட இந்த இனத்தின் பெயருக்குச் சீன மொழியில் சிங்கம் என்று பொருள். உயரம் 27 சென்ரிமீற்றருக்கு உட்பட்டது. எடை பெரும்பாலும் 4 முதல் 7 கிலோ வரை இருக்கும். மூக்கின் மேலிருந்து மயிர் மேல்நோக்கி விரிந்து வளர்வதால் முகம் செவ்வந்திப் பூப்போலத் தோன்றும். வால் முதுகின்மேல் வளைந்து நிற்கும். மேலே நீண்ட மயிரும் அடியில் மென்மயிருமாக இரண்டு அடுக்குகள் உண்டு. உதிரும் அடிமயிர் நிலத்தில் விழாமல் மேல்மயிரிலேயே சிக்கிக்கொள்வதால் வீடு சுத்தமாக இருக்கிறது என்று மகிழ்கிறோம். மயிர் சிக்கி முடிச்சாக இறுகிச் சடை பிடிப்பதற்கும் அதுவே காரணம்.

ஒரு கூட்டத்திற்கு அங்கத்தவர் ஒருவர் தமது நாயைக் கொண்டுவந்திருந்தார். நாள்தோறும் சீவப்பட்ட அதன் மயிர் பட்டுப்போல் மின்னியது. ஆனால் காதின் பின்புறத்தில் இரும்புச் சீப்பை வைத்தபோது அது உள்ளே இறங்கவில்லை. விரல்களால் விலக்கிப் பார்த்தபோது, தோலோடு ஒட்டிய கம்பளித் துண்டுபோலச் சடை இறுகிக் கிடந்தது; அதனடியில் தோல் சிவந்து ஈரமாக இருந்தது. அந்த அம்மா கண்கலங்கிவிட்டார். அவர் அக்கறையில் குறை வைத்தவர் அல்லர். மேல்மயிரை மட்டுமே சீவ வேண்டும் என்று எண்ணியிருந்தார், அவ்வளவுதான். அன்று அங்கிருந்த பலரும் தத்தம் வீட்டுக்குச் சென்று அதே இடத்தைத் தடவிப் பார்த்ததாகப் பின்னர் கூறினர். நானும் பார்த்தேன், என் நாயின் கமக்கட்டிலும் ஒரு சடை இருந்தது.

அதன்பின் நடத்திய செய்முறை வகுப்பில், நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, மயிரை வகிடெடுத்து வரிவரியாகப் பிரித்து, தோலிலிருந்து நுனிவரை சீவக் கற்றுக்கொண்டோம். காய்ந்த மயிரைச் சீவினால் அது முறியும் என்பதால் முதலில் சிறிது நீரைத் தெளிக்க வேண்டும். சடையைக் குளிப்பாட்டுவதற்கு முன்பே விரல்களால் பிரித்துவிட வேண்டும். நீர் பட்டால் அது மேலும் இறுகும். மனிதர் பாவிக்கும் ஷாம்பு நாயின் தோலுக்கு ஏற்றதல்ல. குளித்தபின் துவாயால் தேய்க்காது ஒற்றியெடுத்து, மிதமான சூட்டில் வேர்வரை உலர்த்த வேண்டும். கடற்காற்றும் புழுக்கமும் நிறைந்த கொழும்பில் வேரில் தங்கும் ஈரம் தானாகக் காய்வதில்லை; ஒருவகைப் பூஞ்சை பெருகி, துர்நாற்றமும் சொறியும் உண்டாக அது இடமளிக்கும்.

கண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவை பெரியனவாகவும் சற்று வெளித்தள்ளியும் இருப்பதால், விழும் மயிர் உரசினாலே புண்படக்கூடும். ஆகவே நெற்றி மயிரைத் தளர்வாகக் குடுமி கட்ட வேண்டும், அல்லது வெட்டிவிட வேண்டும். கொதித்தாறிய நீரில் நனைத்த பஞ்சினால் நாள்தோறும் கண்ணோரத்தைத் துடைப்பது நல்லது. நாய் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தால் அன்றே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். மறுநாள்வரை பொறுக்க வேண்டாம். கடற்கரையில் நடந்து வந்தால் பாதங்களைக் கழுவி உலர்த்துவதும், விரலிடை மயிரைக் கத்தரிப்பதும் அவசியம்.

நிலந்தொடும் மயிரே இந்த இனத்தின் அழகு என்று சிலர் வாதிட்டனர். அந்த அழகை நானும் விரும்புகிறேன். எனினும், நாள்தோறும் அரை மணிநேரம் ஒதுக்க முடியாதவர்கள் உடல் முழுவதும் ஏறத்தாழ ஓரங்குல நீளத்துக்கு மயிரை வெட்டிவிடுவதே நாய்க்குச் செய்யும் உதவி என்பது செயற்குழுவின் முடிவு. தோல் தெரிய மழிக்கக் கூடாது. அத்துடன், மயிரை வெட்டினால் வெயில் பயமில்லை என எண்ணுவதும் தவறு. முகம் தட்டையாக இருப்பதால் இவை மூச்சிரைத்து உடல் வெப்பத்தைத் தணிக்க இயலாமல் தவிக்கும். நடைப்பயிற்சியை அதிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டி மயிர் மாறி வளர்ந்த நாயின் மயிர் வருவது பெரும்பாலும் 10 முதல் 12 மாத வயதிலாகும். அச்சமயத்தில் புதுச் சடை நாள்தோறும் உண்டாவதால் பலர் மனந்தளர்ந்து விடுகின்றனர். எனவே அடுத்த ஆண்டின் முதல் வகுப்பை அந்த வயதை எட்டாத குட்டிகளுக்கென ஒதுக்கியுள்ளோம். அத்தகைய குட்டி உள்ளவர்கள் இன்றே என்னிடம் பெயர் பதிந்து, வகுப்புக்கு வரும்போது ஓர் இரும்புச் சீப்பும் துவாயும் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வறிக்கையைச் சபையின் ஏற்புக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
கொழும்பு