'எல்லோரும்' என்ற ஒரு சொல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் சாக்ரடீஸ் பற்றி வெளியான கட்டுரையில், பழைய கிரேக்க நகரமான ஏதென்ஸில் மக்கள் எல்லோரும் நீதிபதிகளாக அமர்ந்தார்கள் என்று எழுதப்பட்டிருந்தது. 31 ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்திய எனக்கு அந்த 'எல்லோரும்' பெரும் மனவருத்தத்தைத் தந்தது.

தாங்கள் அறியாததல்ல. ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கி ஜூரிகளாக, அதாவது வழக்கைக் கேட்டு வாக்களித்துத் தீர்ப்புச் சொல்பவர்களாக, பதிவு செய்யப்பட்ட 6,000 பேரும் 30 வயது கடந்த ஆண் குடிமக்கள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அங்கே இடமில்லை. அங்கேயே குடியிருந்து, வரி கட்டி, போருக்கும் சென்ற மெட்டிக் எனப்படும் வந்தேறிகளுக்கும் இல்லை. கி.மு. 451இல் ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டப்படி, தாய் தந்தை இருவரும் ஏதெனியராக இருந்தால்தான் ஒருவர் குடிமகன். கொள்ளைநோய்க்குத் தம் இரு மகன்களையும் பறிகொடுத்த பின், தம் துணைவியான மிலீட்டஸ் நகரத்து அஸ்பாசியா பெற்ற மகனுக்குக் குடியுரிமை வேண்டி, அதே பெரிக்ளிஸ் தம் சட்டத்திலிருந்து விலக்குக் கேட்க நேர்ந்தது.

கி.மு. 346-345இல் ஊர் ஊராகக் குடிமக்கள் பட்டியலைச் சரிபார்த்தபோது, யூக்ஸிதியஸ் என்பவரின் பெயரை அடித்துவிட்டார்கள். அவருடைய தாய் சந்தையில் நாடா விற்றதும், கூலிக்குப் பிறர் பிள்ளைக்குப் பாலூட்டியதும் அவருக்கு எதிராகச் சொல்லப்பட்டன. வழக்கில் தோற்றால் அடிமையாக விற்கப்படும் ஆபத்தோடுதான் அவர் ஜூரிகள் முன் நின்றார். பிழைப்புக்காக ஒரு தாய் பட்ட பாடு மகனின் குடியுரிமைக்கே உலையாக வந்த ஊரில், 'எல்லோரும்' என்று எப்படி எழுத மனம் வந்தது?

அந்த ஜூரிகள் வாக்களித்த வெண்கல வட்டுகளை அட்டையில் செய்து வகுப்பில் காட்டுவது என் வழக்கம். குற்றம் சாட்டியவருக்கான வட்டின் நடுவே துளையுள்ள அச்சுக்குப் பதிலாகக் காலி ரீஃபில் துண்டும், எதிராளிக்கானதில் துளையற்ற அச்சுக்குப் பதிலாகத் தீக்குச்சியும் செருகியிருப்பேன். முனைகளை விரல்களால் மூடிப் பிடித்தால் எது எதுவென்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தபோது, “எங்களுக்கு இல்லையா சார்?” என்று கேட்டாள் ஒரு மாணவி. அரையாண்டுத் தேர்வில், ஏதென்ஸில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வாக்குரிமை இல்லை என்று அவள் எழுதியதற்கு, விடைக்குறிப்பில் 'அனைவருக்கும் உரிமை' என்றிருந்ததால் 2 மதிப்பெண் குறைத்தார்கள். நான் வாதாடியும் பயனில்லை. தாளை நீட்டியபடி அவள் என் எதிரில் நின்ற நிலை இன்றும் என் கண்ணைவிட்டு அகலவில்லை.

ஆறாண்டுகளுக்கு முன், சாக்ரடீஸுக்கு மரண தண்டனை விதித்தவன் அரசன் என்று தங்கள் இதழ் எழுதியது. கி.மு. 399இல் ஏதென்ஸில் அரசாட்சி கிடையாது. சுமார் 500 ஜூரிகள் வாக்களித்த அந்த வழக்கில், 30 வாக்குகள் மாறி விழுந்திருந்தால் அவர் விடுதலையாகியிருப்பார் என்பதை அன்றே எழுதி அனுப்பினேன். நினைவூட்டி இன்னொரு கடிதமும் எழுதினேன். பதில் இல்லை. 20 ஆண்டுகளாகச் சந்தா கட்டும் வாசகனுக்கு ஓர் அஞ்சலட்டை கூடவா எழுத இயலாது?

அடுத்த இதழில், 'எல்லோரும்' என்பதை 'குடியுரிமை பெற்ற, 30 வயது கடந்த ஆண்கள்' என்று திருத்தி வாசிக்கும்படி இரண்டு வரிகள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்