பாறசாலைத் தங்கராஜனுக்கு

அன்புள்ள தங்கராஜா,

உங்கள் கேரளத்தில் முதியோருக்கும் விதவைகளுக்கும் கொடுக்கும் மாதப் பென்ஷன் 2,000 ஆனதில் சந்தோஷம். இங்கே தமிழ்நாட்டில் 2023இல் 1,200 ஆக்கினார்கள். ஆந்திராவில் 2024 ஜூலையிலிருந்து 4,000, அதுவும் ஒன்றாம் தேதி வீட்டு வாசலில். தொகையைப் பற்றி எல்லாரும் பேசியாகிவிட்டது. கொடுக்கிற காசை நிறுத்த எத்தனை வழி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

உங்கள் மஸ்டரிங்கையே எடு. உயிரோடு இருப்பதைக் காட்ட வருஷாவருஷம் அக்ஷயா சேவை மையத்தில் விரல் வைக்கணும். அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில், தோடு உடைத்த கையில் ரேகை எங்கே இருக்கும்? தோட்டெண்ணெய் தோலை அரித்துவிடுமே. கண்புரை முற்றியிருந்தால் கருவிழியும் சில நேரம் பதியாது. பிறகு பஞ்சாயத்தில் லைஃப் சர்ட்டிபிகேட் கொடுக்க அலையணும். சாவைப் பதிவுசெய்வதும் பஞ்சாயத்து, பென்ஷன் பட்டியல் வைத்திருப்பதும் அதே பஞ்சாயத்து. இரண்டையும் மாசாமாசம் ஒத்துப் பார்த்தால் கிழவியை ஏன் இழுக்கணும்? வெளியூரில் இறந்தவர் பெயரில் சில மாதப் பணம் போகும்தான். போகட்டும். அறுபதுக்குள் இருக்கிற விதவை, மறுமணம் செய்யவில்லை என்று ஆண்டுதோறும் சான்று தரணுமாம். இதற்கு எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை.

இங்கே மகளிர் உரிமைத் தொகைக்கு வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட் என்று வரம்பு. ஒரே மீட்டரில் அண்ணன் தம்பி மூன்று குடும்பம் இருந்தால் எல்லாம் சேர்ந்து ஒருத்தி கணக்கில் ஏறிவிடும். நிராகரித்த குறுஞ்செய்தி வந்து 30 நாளுக்குள் இ-சேவை வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அந்தச் செய்தி போகும் போன் நம்பர் பெரும்பாலும் மகனிடம் இருக்கும், அவன் வளைகுடாவில் இருப்பான்.

இன்னொரு சிக்கல், ஆதார் வழியாகப் போகும் பணம் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். குழுக்கடனுக்குப் புதுக் கணக்கு தொடங்கி அதில் ஆதாரை இணைத்தால் தொகை அங்கே விழும். இவர்கள் பழைய பாஸ்புக்கோடு நிற்பார்கள். ஆகவே யாராவது பணம் வரவில்லை என்றால், முதலில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று ஆதார் தளத்தில் பார்க்கச் சொல்.

நிபந்தனை இல்லாமல் கொடுத்தால் குடித்துத் தீர்ப்பான் என்று எழுதியிருந்தாய். 2011-12இல் மத்தியப் பிரதேசக் கிராமங்களில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு பெரியவர்களுக்கு மாதம் 200, பிறகு 300 என்று கேள்வியே இல்லாமல் கொடுத்துப் பார்த்தது. குடி கூடவில்லை. விதை, உரம், ஆடுமாடு என்றுதான் போனது.

தகுதியை ஒருமுறை பார்க்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. நிறுத்துவதானால் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, ஆள் வந்து பார்த்து, அதுவரை பணம் தடையில்லாமல் போகணும். வங்கியா வீட்டுக்கா என்பதையும் வாங்குகிறவரே சொல்லட்டும். உங்கள் கூட்டுறவு வங்கி ஆள் கையில் கொண்டுதருகிற ஏற்பாடு இங்கேயும் வந்தால் நல்லது.

அடுத்த மஸ்டரிங்குக்கு முன் உங்கள் வார்டில் படுக்கையில் கிடப்பவர்கள் பெயரை வார்டு மெம்பரிடம் கொடுத்துவிடு. வீட்டுக்கு வந்து எடுக்க 50 ரூபாய்தான் கட்டணம். அதற்குமேல் கேட்டால் ரசீது கேள்.

அன்புடன்,
சுந்தரம்
களியக்காவிளை