கொசுவலைக்குள் படுக்கிறாயா, கண்ணு?

ஏற்காடு,
மார்ச் மாதம், லெந்து மூன்றாம் வாரம்

அன்புள்ள கண்ணு,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். நாங்கள் இங்கே நல்ல சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல. நீயும் நல்ல சுகம் என்றுதான் தினமும் அனுப்புகிறாய், அதே வார்த்தையில்.

முந்தாநாள் ராத்திரி ஒரு நல்ல மழை விழுந்தது. இனி ஒரு வாரம், பத்து நாளில் மலை முழுக்கக் காபிப் பூ வெள்ளையாகிவிடும். அதையே நாலு பக்கம் எழுதச் சொல்கிறார் அப்பா. மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக் இரண்டு சாய்ந்த கதையும் உண்டு. அதெல்லாம் அவரே போனில் சொல்லட்டும். எனக்குக் கேட்க வேறு இருக்கிறது.

கொசுவலைக்குள் படுக்கிறாயா?

நைட் ட்யூட்டி முடித்து வந்ததும் அப்படியே கட்டிலில் சாய்ந்துவிடுகிற பழக்கம் உனக்கு. ஹாஸ்டலில் இருந்தபோதே அப்படித்தான். விடிகிற நேரமென்றாலும் வலையை இறக்கிவிட்டுத்தான் படுக்க வேண்டும். அந்த மலேரியாக் கொசு சாயங்காலத்திலிருந்து விடியும்வரை கடிக்கும், நர்ஸ் என்றெல்லாம் பார்க்காது.

மலாவிக்குப் போன புதிதில் நீ எழுதியதெல்லாம் குறைதான். கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, மூன்று வேளையும் மக்காச்சோள மாவில் கிண்டிய ந்சிமா. சேலத்துப் பிள்ளைக்குக் களி புதுசா என்று அப்பா சிரித்தார். அப்புறம் மெல்ல மாறினாய். ஒரு ராத்திரி ஜெனரேட்டர் நின்றுபோனதும், நோயாளிகளுக்குச் சமைத்துப்போட வந்து வெளியே தங்கியிருக்கும் பெண்கள் செல்போன் வெளிச்சம் பிடித்து நிற்க, நீ ஒரு குழந்தைக்கு நரம்பு கண்டுபிடித்து ஊசி ஏற்றியதை எழுதியிருந்தாய். கொடுக்க வந்தவள் நான், இங்கே வாங்கத்தான் கற்றுக்கொள்கிறேன் அம்மா என்று கடைசியில் ஒரு வரி. அதைப் பெண்கள் ஜெபக் கூட்டத்தில் வாசித்தேன். ஆயரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன் அப்பாயி இருந்திருந்தால் ஊரையே கூட்டியிருப்பார்.

உலகத்திலேயே முதலில் குழந்தைகளுக்கு மலேரியா தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது மலாவிதானாமே, 2019 ஏப்ரலில். அந்த ஊசியை என் மகள் கையால் போடுகிறாள் என்று நான் சொல்லாத ஆள் இல்லை. மீன் வாங்கப் போன இடத்தில்கூடச் சொன்னேன்.

ஆனால் அந்த ஊசி குழந்தைகளுக்கு. உனக்கு இல்லை. அந்த ஊர்ப் பெரியவர்கள் சின்ன வயதிலிருந்து கடிபட்டுக் கடிபட்டுக் கொஞ்சமாவது தாங்கும் உடம்பு. உன்னுடையது ஏற்காட்டு உடம்பு, கண்ணு.

போன மாதம் கொஞ்ச நாள் நீ வீடியோவில் வரவில்லை. நெட் சரியில்லை என்றாய். சரி. அதற்கு அடுத்த ஞாயிறு சர்ச் வாசலில் எடுத்த போட்டோ அனுப்பினாய். அந்த நீலச் சுடிதாரை நான்தான் தைத்தேன், அளவு எனக்குத் தெரியும். தோளில் நிற்கவில்லை அது. வெயிலில் இளைத்துவிட்டேன் என்றாய். சரி, வெயில்தான்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. பொதுவாகச் சொல்கிறேன், உன் வார்டுக்கு வருகிறவர்களுக்கு என்றே வைத்துக்கொள். மூன்று நாள் மாத்திரை என்றால் மூன்று நாளும் போட வேண்டும். எண்ணெயோ பாலோ சேர்ந்த ஆகாரம் உள்ளே போனால்தான் அது உடம்பில் பிடிக்கும் என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். காய்ச்சல் விட்ட மறுநாளே எழுந்து வேலைக்கு ஓடக் கூடாது. மறுபடி காய்ந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. பால்சிபாரம் வகை மலேரியா ஒரே நாளில் முற்றிவிடும். கிராம சுகாதார நர்ஸாக இத்தனை வருஷம் இந்த மலையில் ரத்தத் தடவல் எடுத்தவள் நான். டிரெயினிங்கில் எங்களுக்குச் சொன்ன கணக்கு இன்னும் மறக்கவில்லை. 1965-ல் நாடு முழுக்க மலேரியா ஒரு லட்சம் பேருக்குத்தான். 1976-ல் 64 லட்சம். தெளிக்கிற மருந்து கொசுவுக்குப் பழகிப்போனது ஒரு காரணம். ஒழிந்தது என்று ஆட்கள் அசந்துபோனது இன்னொன்று.

கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று முடிக்கிறாய், ஒவ்வொரு மெசேஜிலும். பார்த்துக்கொள்வார்தான். எனக்கே அதைச் சொல்லித் தருகிறாயா? தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நாகலூர்ப் பக்கம் அட்டைக்கடியோடு நடந்த நாளெல்லாம் அவர் இல்லாமலா வீடு திரும்பினேன்? நனைந்து போய் நின்றால் மலைக்காரப் பெண்கள் அடுப்போரம் உட்காரவைத்து ராகிக் களி போடுவார்கள். மே மாதத் திருவிழாவுக்குச் சேர்வராயன் கோயில் ஏறுகிறவர்கள் அவர்கள். நான் கண்ணை மூடி ஜெபம் பண்ணும்வரை காத்திருந்து, அப்புறம்தான் குழம்பு ஊற்றுவார்கள். கர்த்தர் எனக்கு வேண்டியதை அந்தக் கைகளில்தான் கொடுத்தனுப்பினார். அதனால் சொல்கிறேன், கூடத் தங்கியிருக்கும் அந்தப் பெரிய நர்ஸம்மா கஞ்சி வைத்துக்கொண்டு வந்தால் வேண்டாம் என்று சொல்லாதே. லீவு போடு என்றால் போடு. வலையும் அவர் கொடுத்ததுதான், அதற்குள் படு.

எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் அம்மா என்கிறாய். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த எல்லாவற்றில் என்னென்ன இருக்கிறது? எதிலிருந்து உன்னை எழுப்பிவிட்டார் என்று தெரிந்தால்தானே நானும் உன்னோடு சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்ல முடியும். இங்கே நான் சும்மா இருட்டில் முழங்கால் போட்டுக்கொண்டிருக்கிறேன். குறை சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் உன்னைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

திரும்பி வா என்று நான் சொல்ல மாட்டேன். அப்பா சொல்வார், அவரிடம் நீயே பேசிக்கொள்.

உங்கள் மிஷனுக்கு வருகிற பெண்ணிடம் பருப்புப்பொடி, நம் தோட்டத்து மிளகு, காபித்தூள், நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்திருக்கிறேன். ஊசியும் வெள்ளை நூல்கண்டும் தனியாக ஒரு டப்பாவில் இருக்கிறது. வலையில் கிழிசல் இருந்தால் அன்றைக்கே தைத்துவிடு. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார், சின்ன ஓட்டை அப்போதுதான் தெரியும். இந்த ஞாயிறு வீடியோவில் வா, நெட் இருந்தால்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: தம்பியைத் திட்டாதே. அவன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வராந்தாவில் நின்று உன்னோடு பேசிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் போனை வைத்தான், அவ்வளவுதான்.